காலை ஆறரை பேட்ச்: மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மருமகளைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தக் குறிப்பில் அவரை டீச்சர் என்று எழுதுகிறேன். யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன், குடும்ப விவரங்களிலும் சிலவற்றை மாற்றிவிட்டேன். என்ன பெயர் போடட்டும் என்று அவரிடமே கேட்டபோது சற்று யோசித்துவிட்டு, “டீச்சர்னே போடுங்க மேடம்” என்றார்.

நான் மனநல சமூகப் பணியாளர். மறதி நோய் வந்த முதியவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலையில் பாதி. இந்த வீட்டுக்குப் பதினான்கு மாதம் போய்வந்திருக்கிறேன். முதல் மூன்று மாதம் டீச்சருக்கு நான் சொன்ன யோசனை எதுவும் பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்று புரிந்த பிறகு, வேறு வீடுகளில் நான் பேசும் விதமே மாறிப்போனது. அதனால்தான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

முதல் சந்திப்பு

மாமியாருக்கு 78 வயது. அல்சைமர் வகை டிமென்ஷியா என்று மருத்துவர் சொல்லி ஐந்து வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பு இரண்டு வருடம், “வயசானா வர்றதுதானே” என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். புறநோயாளிப் பிரிவுக்கு மூன்று பேரும் வந்தார்கள். மகன் நாற்காலியில் உட்கார்ந்து என் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மருமகள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் தோளில் ஒரு பெரிய பை. அதில் பிளாஸ்க், மாற்றுச் சேலை, டயப்பர், இரண்டு பூவன்பழம்.

படிவத்தில், ‘பார்த்துக்கொள்பவரின் தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. கேட்டேன். “சும்மா வீட்லதான் இருக்கா மேடம்” என்றார் கணவர். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. எல்லோரும் சொல்வதுதான். நானும் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டேன்.

அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசும்போது, பார்த்துக்கொள்பவர்களுக்கான சுமை மதிப்பீட்டை எடுத்தேன். 1980இல் ஸ்டீவன் ஸாரிட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் உருவாக்கிய கேள்வித் தொகுப்பு இது. இப்போது பரவலாகப் பயன்படுவதில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 88. ‘உங்களுக்கென்று நேரம் இல்லையே என்று தோன்றுகிறதா’, ‘உங்கள் வாழ்க்கை உங்கள் கையை விட்டுப் போய்விட்டது போல இருக்கிறதா’ என்கிற மாதிரி கேள்விகள் இருக்கும். அவருக்கு 57 வந்தது. கனமான சுமைதான்.

ஆனால் அந்த மதிப்பெண்ணைவிட எனக்கு நினைவில் நிற்பது வேறொன்று. உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். “அத்தைக்கு அரிசிக்கஞ்சிதான் மேடம் ஒத்துக்குது” என்றார். அவங்களுக்கு இல்லைம்மா, உங்களுக்கு என்றேன். அவர் பதில் சொல்லாமல் தன் மடியைப் பார்த்தார். அங்கே அவருடைய விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. பதற்றத்தில் விரல் நடுங்குகிறது என்றுதான் முதலில் எண்ணி, குறிப்பேட்டில் ‘நடுக்கம்?’ என்று எழுதினேன். உற்றுப் பார்த்தால் அது நடுக்கம் இல்லை. ஒவ்வொரு விரலும் தனித்தனியாக, ஒரு முறையோடு, புடவை மேல் இறங்கி எழும்பிக்கொண்டிருந்தது.

என்ன பண்றீங்க என்றேன். வெட்கப்பட்டுக் கையை மூடிக்கொண்டார். “நீங்க பேசினதத்தான் மேடம் அடிச்சுக்கிட்டு இருந்தேன். பழக்கம்.”

டைப்ரைட்டிங்கில் மேல்நிலைத் தேர்வுகளான இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். ஊரில் உள்ள டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பதினான்கு வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவரிடம் படித்தவர்கள் நீதிமன்றத்திலும் தாலுகா அலுவலகத்திலும் டைப்பிஸ்ட்டாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து வருடமாக வீட்டில் யாராவது பேசினால், டிவியில் செய்தி ஓடினால், மாமியார் புலம்பினால், விரல் தானாக அடித்துக்கொண்டே இருக்கும். கணவருக்கே இது தெரியாது.

‘இல்லத்தரசி’ என்று எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தினேன்.

அந்த வீடு

காலை நான்கரைக்கு எழுந்தால் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் படுக்கை. படுத்தாலும் தூக்கம் கிடையாது. மாமியார் ராத்திரி ஐந்தாறு தடவை எழுந்துவிடுவார். கொல்லைக் கதவைத் திறந்தால் பின்னால் வாய்க்கால். இரண்டு முறை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டிருக்கிறார், கையில் மஞ்சள் பையோடு. “அப்பா தேடுவாரு, ஊருக்குப் போவணும்” என்பார். அதனால் டீச்சர் பழைய பருத்திச் சேலையிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்து, ஒரு முனையை மாமியாரின் கையில் தளர்வாகவும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு படுப்பார். மாமியார் எழுந்தால் கை இழுபடும், இவர் விழித்துக்கொள்வார். அந்தத் துணி பட்டுப்பட்டு அவர் மணிக்கட்டில் வளையல் போல ஒரு கறுத்த தடம் விழுந்திருந்தது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். தோல் தடித்துப்போயிருந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் இன்னும் கஷ்டம். வெளிச்சம் மங்க மங்க மாமியாருக்குக் குழப்பம் கூடும். தன் சங்கிலியை மருமகள் திருடிவிட்டதாகத் தெருவே கேட்கும்படி சத்தம் போடுவார். இது நோயின் குணம் என்று எனக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும். ஆனால் திண்ணையில் நின்று கேட்கிற எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியாது.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த வீட்டைப் புரிந்துகொள்ள முடியாது. டீச்சரை வேலைக்கு அனுப்பியதே இந்த மாமியார்தான். கல்யாணமான புதிதில் கணவருக்கு விருப்பமில்லை. “நீ போம்மா, சோறு நான் வடிச்சுக்கிறேன்” என்று சொன்னவர் அவர். பிள்ளைகள் இருவரையும் வளர்த்ததும் அவர். டீச்சர் ராத்திரி எட்டு மணிக்கு வந்தால், “இன்னிக்கு எத்தனை பேரு வந்தாங்க? அந்த மடப்புரத்துப் பொண்ணு வேகமா அடிக்குதா?” என்று கேட்டுக்கொண்டே சோறு போடுவாராம். இவர் யார், என்ன செய்கிறவர் என்று அந்த வீட்டில் முழுதாக அறிந்த ஒரே ஆள் அவர்தான். அந்த ஆளின் நினைவிலிருந்து டீச்சர் அழிந்துபோனார். இப்போது மருமகளைச் சில சமயம் அக்கா என்கிறார், சில சமயம் வேலைக்காரி என்கிறார்.

வேலையை விட்டதால் வந்த இழப்பு என்று மட்டும் நினைத்திருந்தேன். தன்னை அடையாளம் கண்டு பேசிய ஒருவரை, அவர் கண்ணெதிரே உயிரோடு இருக்கும்போதே இழந்தது அதைவிடப் பெரிது. இதை டீச்சர் ஒரே வரியில் சொன்னார்: “அத்தைக்கு மறந்ததுக்கு அப்புறம் எனக்கும் மறந்துடுச்சு மேடம்.”

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக நாடு தழுவிய முதியோர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அந்த 88 லட்சம் பேருக்குப் பக்கத்திலும் யாரோ ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் மனைவி, மகள், இல்லாவிட்டால் மருமகள். இவர்களைக் கணக்கெடுக்க மருத்துவமனைப் படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதிலும் நான் தவறாக எழுதினேன்.

டீச்சரின் உடம்பையும் அன்றைக்கு யாரும் பார்த்திருக்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து மாமியாருக்குப் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். பக்கத்தில் நின்று மாமியாரின் கையைப் பிடித்துக்கொள்கிற டீச்சர், “எனக்கு அடுத்த தடவ பாக்கலாம்மா, அடுப்புல வச்சிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் பார்த்தபோது 160க்கு 100. மனநல மருத்துவரும் பேசிப் பார்த்தார். பிரஷருக்கு மட்டும் மாத்திரை ஆரம்பிக்கலாம், மனச்சோர்வுக்கு இப்போது வேண்டாம், கவனித்துக்கொண்டே இருப்போம் என்று முடிவானது.

முதல் மூன்று மாதம்

மாமியாரைக் கவனிக்கும் முறைகளில் சில மாற்றங்கள் சொன்னோம். அவை ஓரளவு பலித்தன. திடீரென்று குழப்பம் கூடியிருந்ததால் சிறுநீர்ப் பரிசோதனை செய்தோம். கிருமித் தொற்று இருந்தது, அதற்கு மருந்து கொடுத்ததும் பாதி ஆர்ப்பாட்டம் அடங்கியது. மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்க விட்டதை அரை மணியாகக் குறைத்தோம். ஐந்து மணிக்கே கூடத்து விளக்கைப் போட்டுவிடச் சொன்னோம். “ஊருக்குப் போவணும்” என்றால், இதுதானே உங்க வீடு என்று வாதாட வேண்டாம், ஊரில் யார் யார் இருக்காங்க, வீட்டுல மாடு இருந்துச்சா என்று கேட்டுப் பேச்சை நகர்த்துங்கள் என்று சொல்லிக்கொடுத்தோம். டீச்சர் நொடியில் பிடித்துக்கொண்டார். பதினான்கு வருடம் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா. கொல்லைக் கதவுக்கு மேல் தாழ்ப்பாளும் ஒரு சின்ன மணியும் வந்தன. ராத்திரி விழிப்பு இரண்டாகக் குறைந்தது. மணிக்கட்டில் கட்டும் துணி ஆறாவது வாரம் அவிழ்ந்தது.

சரி, இனி டீச்சருக்கு என்று ஆரம்பித்தேன். இங்கேதான் நான் தப்புச் செய்தேன்.

தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நீங்கள் வெளியே போக வேண்டும், கோயிலுக்குப் போங்கள், குளத்தைச் சுற்றி நடங்கள் என்றேன். அவர் மிகவும் களைத்துப்போகும் நேரம் அது, அப்போதுதான் ஓய்வு வேண்டும் என்பது என் கணக்கு. அவரும் மறுக்காமல் போனார். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். “பிரகாரத்துல உக்காந்தா அத்தை என்ன பண்றாங்கன்னுதான் ஓடுது. எதுக்கு உக்காந்திருக்கேன்னு தெரியல.” வீட்டில் கணவரும் தவித்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் மாமியாருக்கு மோசமான நேரமும் அதேதான்.

அடுத்ததாக, அக்கா வீட்டுக்கு மூன்று நாள் போய்விட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். இரண்டாம் நாள் மாமியாருக்கு வயிற்றுப்போக்கு. அன்று ராத்திரியே பஸ் ஏறி வந்துவிட்டார். உறவுக்காரப் பெண் ஒருத்தி, “கெழவிய இப்படிப் போட்டுட்டுப் போயிருக்காளே” என்று சொன்னது அவர் காதுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் எதைச் சொன்னாலும், “பாக்கலாம் மேடம்” என்பதுதான் பதில்.

அந்த ஒரு மாதம் யோசித்தேன். நான் அவருக்குக் கொடுத்தது வெறும் நேரம். அந்த நேரத்துக்குள் அவர் யாராக இருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தவரும் மருமகள்தான், அக்கா வீட்டில் இருந்தவரும் மருமகள்தான். இடம் மாறியது, ஆள் மாறவில்லை. ஓய்வு எடுங்க, உங்களையும் கவனிச்சுக்குங்க என்று நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். ஐந்து வருடமாகத் தன்னைக் காணாதவரிடம் போய் உங்களைக் கவனியுங்கள் என்றால் அவர் யாரைக் கவனிப்பார்?

கூடத்தில் ஒரு கூட்டம்

நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தினர் எல்லோரையும் கூட்டினேன். கணவர், ஓசூரிலிருந்து வந்திருந்த மகன், கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார் போனில். மகள் கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறார், அவர் சேர முடியவில்லை.

பாராட்டில்தான் பேச்சு தொடங்கியது. “அண்ணி மாதிரி யாரும் பாத்துக்க முடியாது மேடம். எங்கம்மா குடுத்து வச்சவங்க” என்றார் நாத்தனார். கணவரும் தலையாட்டினார். டீச்சர் முகம் இறுகிக்கொண்டே போனது. இந்தப் பாராட்டை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன், கேட்கும்போதெல்லாம் மனது வலிக்கும். தெய்வம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவர் உதவி கேட்க முடியாது. தெய்வம் முதுகுவலி என்று சொல்லுமா? அன்றைக்கு நான் அதை வெளிப்படையாகவே சொன்னேன். இவங்களைப் பாராட்டுறதை நிறுத்திட்டு, ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துக்குங்க என்றேன்.

“நானும்தான் மேடம் பாத்துக்கறேன்” என்றார் கணவர். பொய்யில்லை. மருந்து வாங்குவது, மருத்துவமனைக்கு ஆட்டோ பிடிப்பது, கடையிலிருந்து இரண்டு தடவை போன் செய்து கேட்பது எல்லாம் அவர்தான். இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பற்றி அவரிடம் சொன்னேன். வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் பெண்களுக்கு 134, ஆண்களுக்கு 76. “உங்க வீட்டுக் கணக்கை எழுதிப் பாக்கலாமா சார்” என்றேன். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் மகன் எழுத ஆரம்பித்தான். அம்மா பக்கம் நிறைந்து ஓரத்துக்கும் போனது. அப்பா பக்கம் நான்கு வரியோடு நின்றது. யாரும் எதுவும் பேசவில்லை. கணவர் அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பிரஷர் விஷயத்தையும் சொன்னேன். 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, நோயுற்ற துணையைப் பார்த்துக்கொண்டு அதனால் மனஅழுத்தத்துக்கு ஆளான முதியவர்கள் நான்கு வருடத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, அந்தச் சுமை இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம் என்று கண்டது. டீச்சர் முதியவர் இல்லை, 49 வயதுதான். ஆனால் 160க்கு 100 என்பது யாருக்கும் விளையாட்டில்லை.

அப்போதுதான் கணவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. “அம்மாவுக்கு நான் எப்படி மேடம் டயப்பர் மாத்துறது? அம்மா மேடம்” என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். இத்தனை நாள் அவர் ஒதுங்கி நின்றதற்குச் சோம்பல் காரணமில்லை. தாயின் உடம்பைப் பார்க்கும் கூச்சம், அதைச் சொல்லவும் கூச்சம். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வழி பண்ண முடியும். வேலையைப் பிரித்தோம். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது பெண்கள் கையில். காலை காப்பி கொடுப்பது, இட்லியைப் பிட்டுப் பாலில் ஊறவைத்து ஊட்டுவது, மாத்திரை, பல் கட்டைக் கழுவி மாட்டிவிடுவது, தெருவில் நடக்கக் கூட்டிப்போவது கணவர் கையில். நாத்தனார் மாதம் 4,000 ரூபாய் அனுப்ப ஒப்புக்கொண்டார். அந்தப் பணத்தில் காலை இரண்டு மணி நேரத்துக்கு அதே தெருவில் ஓர் அம்மாள் உதவிக்கு வந்தார். மகன் மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வந்து பாட்டியோடு இருப்பதாகச் சொன்னான்.

இப்படிக் கிடைத்த நேரத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

“இன்ஸ்டிட்யூட்ல காலைல ஆறரை பேட்ச்சுக்கு ஆள் இல்லைன்னு சார் சொன்னாரு. போன வருஷம்” என்றார். ஒரு வருடமாக அதை மனதில் வைத்திருந்திருக்கிறார்.

காலை ஆறரையிலிருந்து ஏழரை. மாமியார் எட்டு மணி வரை தூங்குவார், எழுந்தாலும் அமைதியாக இருப்பார். கணவர் ஒன்பது மணிக்குத்தான் கடைக்குப் போக வேண்டும். நான் டீச்சர் எப்போது களைத்துப்போகிறார் என்று பார்த்து நேரம் குறித்தேன். அவர், மாமியார் எப்போது நிம்மதியாக இருக்கிறார் என்று பார்த்துக் குறித்தார். அவர் கணக்குதான் சரி. பார்த்துக்கொள்கிறவரின் மனம் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டுமென்றால், வீட்டில் அந்த நேரம் அமைதியாக இருக்க வேண்டும்.

மங்கலான ‘ஏ’

முதல் நாள் நானும் போயிருந்தேன். மாடியில் ஓட்டுக் கட்டடம். வரிசையாக ரெமிங்டன், ஃபேசிட் மெஷின்கள். எண்ணெயும் ரிப்பனும் கலந்த வாசனை. ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே’ என்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்டிட்யூட் சார் எழுந்து நின்று, “வாங்க டீச்சர்” என்றார். டீச்சர் ஒரு கணம் பின்னால் திரும்பி யாரைக் கூப்பிடுகிறார் என்று பார்த்தார். நான் பக்கத்தில் இருந்ததால் இதை எழுத முடிகிறது.

சொல்லிக்கொடுக்கும் முன் தான் ஒரு தடவை அடித்துப் பார்க்க வேண்டும் என்றார். பத்து நிமிடம், ஹையர் ஸ்பீடு பேப்பர். நிமிடத்துக்கு 45 வார்த்தை வர வேண்டும். தாளைச் சொருகி, உருளையைத் திருப்பி, ஓரத்தைச் சரிபார்த்து, உட்கார்ந்த நிலையே மாறியது. முதுகு நிமிர்ந்தது, முழங்கை உடம்போடு ஒட்டியது. சார் கடிகாரத்தைப் பார்த்து “ஸ்டார்ட்” என்றார்.

பத்து நிமிடத்துக்குப் பிறகு தாளை உருவி என்னிடம் காட்டினார். வேகம் போதவில்லை, நான்கு வரி மிச்சம். அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. “இதப் பாருங்க மேடம்” என்று சுட்டிக்காட்டினார். எழுத்துகளுக்கு நடுவே எல்லா ‘ஏ’யும் மங்கலாக விழுந்திருந்தது. மெஷினில் எழுத்து எவ்வளவு கறுப்பாக விழும் என்பது விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. ‘ஏ’ இடது சுண்டுவிரலுக்கு உரியது. பலம் குறைந்த விரல், பயிற்சி விட்டால் முதலில் தளர்வது அதுதான். ஐந்து வருடமாகப் புடவை மேல் அடித்த விரல் அத்தனையும் எழுத்தை நினைவில் வைத்திருந்தது. இரும்பை அழுத்தும் பலம் மட்டும் போயிருந்தது.

அந்தத் தாளை அவர் தேதி போட்டு வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு தாள். நான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 22 கேள்விகளைக் கேட்டேன். அவர் வாரத்துக்கு ஒரு தடவை தன் ‘ஏ’யைப் பார்த்தார். இரண்டு அளவுகோலில் எது நம்பத்தக்கது என்று கேட்டால் நான் அவருடையதைத்தான் சொல்வேன்.

இரண்டு வாரம் நின்றுபோனது

எட்டாவது மாதம் ஒரு நாள் காலை கணவர் போனில் பேசிக்கொண்டிருந்தபோது மாமியார் எழுந்து நடந்து வாசற்படியில் விழுந்துவிட்டார். எலும்பு முறிவு இல்லை, நெற்றியில் வீக்கம். டீச்சர் அந்த நேரம் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தார். தெருவில் பேச்சு எழுந்தது. யார் யார் என்ன சொன்னார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை, எல்லா ஊரிலும் சொல்வதுதான். டீச்சர் போவதை நிறுத்திவிட்டார்.

நான் இரண்டு தடவை போய்ப் பேசினேன். அவர் வீட்டில் இருந்தபோதும் மாமியார் இரண்டு முறை விழுந்திருக்கிறார் என்பதை நினைவுபடுத்தினேன். கேட்டுக்கொண்டார், ஆனால் அசையவில்லை. குற்ற உணர்வுக்கு நியாயம் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதை அன்றைக்கு இன்னொரு முறை கற்றுக்கொண்டேன்.

அவரைத் திரும்பக் கூப்பிட்டது நான் இல்லை. குரூப் 4 எழுதி டைப்பிஸ்ட் வேலைக்குக் காத்திருந்த ஒரு பெண், ஆறரை பேட்ச் மாணவி, சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு ஆகஸ்ட் தேர்வில் தமிழ் ஹையர் முடிக்க வேண்டும். “டீச்சர், ஸ்டேட்மென்ட்ல கோடு எனக்கு நேரா வரவே மாட்டேங்குது. எப்ப வருவீங்க?” கோடு போட்டு அட்டவணையாக அடிக்கும் பகுதிதான் ஸ்டேட்மென்ட். டீச்சர் மாமியார் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே அவளுக்குப் பதில் சொன்னார். பெண் போன பிறகு கணவரே சொன்னாராம்: “நாளைக்குப் போ. நான் போனைக் கடையிலயே வச்சுட்டு வந்துடறேன்.”

அன்றிலிருந்து காலை ஆறு முதல் எட்டு வரை அவர் போனைத் தொடுவதில்லை. மருமகளை வேலைக்கு அனுப்பாதே என்று ஒரு காலத்தில் தாயிடம் வாதாடியவர் அவர்தான்.

இதில் எனக்குப் பிடிபட்டது இதுதான். டீச்சரை இழுத்துக்கொண்டுபோனது அவருக்கான ஓய்வு இல்லை, அவர் வரவில்லையென்றால் யாருக்கோ கோடு நேராக வராது என்பது. ஐந்து வருடமாக ஒருவருக்கு மட்டுமே தேவைப்பட்டவர், இப்போது வேறு விதத்தில், வேறு ஆட்களுக்கும் தேவைப்பட்டார். அதுவும் தன் கைத்திறமைக்காக.

கோவாவில் 81 குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. உள்ளூர்ப் பணியாளர்கள் டிமென்ஷியா இருக்கும் வீடுகளுக்கே போய்ப் பார்த்து, பழக்கவழக்கச் சிக்கல்களைக் கையாளச் சொல்லிக்கொடுத்தார்கள். பார்த்துக்கொள்கிறவர்களின் மனநலம் மேம்பட்டது. பெரிய மருத்துவமனை தேவைப்படவில்லை. நம் ஊர்களிலும் இது முடியும் என்று எனக்கு உறுதியான நம்பிக்கை இருக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போகிற எங்களிடம் ஒரு கேள்வி கூடுதலாக இருக்க வேண்டும்: இதற்கு முன்னால் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அதை முதல் நாளே கேட்க வேண்டும், நோயாளியின் பெயரை எழுதிய அதே மூச்சில்.

எல்லோரும் டீச்சரைப் போல டைப் அடித்தவர்கள் இல்லைதான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்ட வீடுகளில் இதுவரை ஒருவர்கூட ஒன்றும் இல்லை என்று சொன்னதில்லை. ஒருவர் ரவிக்கை தைத்தவர். ஒருவர் பால் சங்கத்தில் கணக்கு எழுதியவர். ஒருவர், அறுபது வயதான ஆண், மனைவியைப் பார்த்துக்கொள்கிறவர், திருவிழாவில் வாணவேடிக்கைக்குப் பொறுப்பெடுத்தவர். கேட்டதும் ஒரு கணம் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள், பிறகு நிறுத்தாமல் பேசுகிறார்கள். பக்கத்தில் கேட்க யாரும் இல்லாதவர்களுக்கு, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416இலும் முதியோர் உதவி எண் 14567இலும் தமிழிலேயே பேசலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது

பதினான்காவது மாதம் எடுத்த சுமை மதிப்பெண் 38. பிரஷர் மாத்திரையோடு கட்டுக்குள் இருக்கிறது. மாமியாரின் நோய் கூடியிருக்கிறது, அதை யாராலும் நிறுத்த முடியாது. தனியாக நடப்பதில்லை. பேச்சு நான்கைந்து வார்த்தைகளாகச் சுருங்கிவிட்டது. விழுங்குவதிலும் சிரமம் வந்திருக்கிறது. மூக்கு வழியாக டியூப் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சை இனிமேல் தொடங்க வேண்டும். அது இந்தக் குடும்பத்துக்குக் கடினமான பேச்சாக இருக்கும், எனக்கும்தான்.

போன மாதம் நான் போனபோது டீச்சர் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். ரிப்பன் மாற்றியதால் விரல் நுனியெல்லாம் கறுப்பு மை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்ததும் கிழவி அந்தக் கையை எடுத்துப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையின் கை என்று எண்ணினாரோ என்னவோ, தன் முந்தானையை நாக்கில் தொட்டு ஒவ்வொரு விரலாகத் துடைக்க ஆரம்பித்தார். மை போகவில்லை. அவர் விடாமல் துடைத்துக்கொண்டே இருந்தார். டீச்சர் கையை இழுத்துக்கொள்ளாமல், “முப்பத்தஞ்சு பேரு அத்தை, இன்னிக்கு” என்றார். கேட்காத கேள்விக்குப் பதில்.

திங்கட்கிழமைத் தாள்களைக் காட்டினார். நாற்பதுக்குப் பக்கமாகச் சேர்ந்திருந்தன. கடைசித் தாளில் ‘ஏ’ மற்ற எழுத்துகளோடு சமமாகக் கறுப்பாக விழுந்திருந்தது.

டியூப் விஷயம் பேச அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னேன். காலையிலேயே வந்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, “ஏழரைக்கு மேல வாங்க மேடம்” என்றார்.